நாலரை லட்சத்துக்கு ஒரு ஹோண்டா சிட்டி, அதற்கு மேல் எவ்வளவு?

செகண்ட் ஹேண்ட் சந்தையில் 2014க்குப் பிந்தைய ஹோண்டா சிட்டிக்கு எப்போதும் ஆள் இருக்கிறது. பின்சீட்டில் உட்கார்ந்தால் முட்டி இடிக்காது. 510 லிட்டர் டிக்கியில் ஒரு குடும்பத்தின் ஊர்ப்பயணச் சாமான் அத்தனையும் அடங்கும். பெட்ரோல் இன்ஜின் பத்து வருஷம் ஆனாலும் அலுங்காமல் இழுக்கும். விற்பவர் சொல்லும் வசனமும் மாறுவதில்லை: "பத்து பைசா செலவில்லை சார், எடுத்து ஓட்ட வேண்டியதுதான்."

அந்தப் பத்து பைசா எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்பதுதான் விஷயம்.

எந்த வண்டி என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளலாம். இந்தியாவில் 2008 கடைசியில் வந்தது மூன்றாம் தலைமுறை சிட்டி. 2014 ஜனவரியில் நான்காவது வந்தது, 2020 ஜூலையில் ஐந்தாவது. நான்கு முதல் ஆறு லட்சத்துக்குள் இன்று பேரம் பேசப்படுவது பெரும்பாலும் நான்காவதுதான். அதில் மூன்று வகை: பெட்ரோல் மேனுவல், பெட்ரோல் சிவிடி ஆட்டோமேட்டிக் (தனித்தனி கியர் இல்லாமல் பெல்ட்டும் புல்லியும் வைத்து ஓடுவது), 1.5 லிட்டர் டீசல். 2017 பிப்ரவரியில் முகப்பு மாறியது. சில வேரியண்ட்களில் சக்கரம் 15 அங்குலத்திலிருந்து 16 ஆனது. உள்ளே இருக்கும் பெட்ரோல் இன்ஜினும் கியர்பாக்ஸும் அதேதான்.

இந்த வண்டியில் இன்ஜின் கைவிடுவது அபூர்வம். காசு போவது ரப்பரில், ஏசியில், ஸ்டீயரிங்கில், முந்தைய ஓனர் மிச்சம் பிடித்த சர்வீஸில். ஆகவே பார்க்கப் போகும்போது பானெட்டைத் திறந்து தலையாட்டிக்கொண்டு நிற்பதைவிட, வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பது லாபம்.

கீழே வரும் தொகைகள் சென்னை, கோவை போன்ற ஊர்களில் ஹோண்டா வேலை தெரிந்த வெளி ஒர்க்ஷாப்பில் சுமாராக ஆகும் செலவு. ஸ்பேர் ஒரிஜினல், அல்லது கம்பெனிக்கே சப்ளை செய்பவர்களின் தயாரிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வேலை ஷோரூமில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வரும்.

சத்தம் போடாத டேப்பட்

1497 சிசி, 119 பிஎஸ், டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். ஒழுங்காக ஆயில் மாற்றியிருந்தால் அந்தச் செயினைப் பற்றி இரண்டு லட்சம் கிலோமீட்டர் வரை யோசிக்க வேண்டியதில்லை. ஆயில் 0டபிள்யூ-20, ஃபில்டரோடு சேர்த்து மூன்றரை லிட்டரை ஒட்டி வரும். பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ அப்போது மாற்ற வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே உலோகம் தேன் நிறத்தில் இருந்தால் நல்லது. தார் பூசியது போல் கறுப்பாகப் படிந்திருந்தால் ஆயிலை வருஷக்கணக்கில் இழுத்தடித்திருக்கிறார்கள். ரேடியேட்டர் ரிசர்வ் டப்பாவையும் பாருங்கள். ஹோண்டா கூலன்ட் நீல நிறம். பச்சையாக இருந்தால் யாரோ வெளிக் கூலன்ட் ஊற்றியிருக்கிறார்கள், பெரிய குற்றமில்லை. பழுப்பாக இருந்தால் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். அப்படியானால் ரேடியேட்டர், வாட்டர் பம்ப் இரண்டையும் சந்தேகிக்க வேண்டும்.

இந்த இன்ஜினில் வால்வ் இடைவெளி (மெக்கானிக் பாஷையில் டேப்பட்) தானாகச் சரிசெய்துகொள்ளாது, ஸ்க்ரூ வைத்துக் கையால் செட் பண்ண வேண்டியது. பழைய சிட்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள் மறக்கும் விஷயம் இது. இன்டேக் பக்கம் 0.15 முதல் 0.19 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 0.26 முதல் 0.30 மி.மீ. எக்ஸாஸ்ட் வால்வ் அதிகச் சூட்டில் நீள்வதால் அதற்கு இடைவெளி கூடுதல். காலையில் ஸ்டார்ட் செய்ததும் தையல் மெஷின் மாதிரி "டிக் டிக்" என்று கேட்டால் இடைவெளி கூடியிருக்கிறது. எரிச்சலாக இருக்கும், ஆனால் ஆபத்தில்லை. இடைவெளி குறைந்துபோன டேப்பட் சத்தமே போடாது. அதுதான் பயப்பட வேண்டியது. வால்வ் முழுதாக மூடாமல் தீக்காற்று அதன் விளிம்பைக் கருக்கிக்கொண்டே இருக்கும். கேஸ் கிட் போட்டு ஓட்டிய வண்டிகளில் வால்வ் உட்காரும் இடம் சீக்கிரம் தேய்ந்து இந்த இடைவெளி வேகமாகக் குறையும். டிக்கியில் சிலிண்டர் மாட்டிக் கழற்றிய போல்ட் ஓட்டைகள் தெரிந்தால் கம்ப்ரெஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் சோதனை) எடுக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் விழுந்திருந்தால் ஹெட் இறக்கும் வேலை. லேத் கூலி, வால்வ், கேஸ்கெட் எல்லாம் சேர்ந்து 25,000த்துக்கு மேல் போகும்.

டேப்பட் செட்டிங் ஒன்றரை இரண்டு மணி நேர வேலைதான். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். வண்டியை ஓட்டி வந்து நிறுத்தியதும் "உடனே பண்ணித் தரேன்" என்கிற மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது. பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் நான்கு இக்னிஷன் காயிலையும் கழற்றி, ஹெட் கவரை எடுத்து, முதல் சிலிண்டரை மேல் புள்ளிக்குக் கொண்டுவந்து அதன் வால்வுகளைச் செட் பண்ண வேண்டும். பிறகு கிராங்கை அரைச் சுற்று சுற்றி மூன்றாவது, அடுத்த அரைச் சுற்றில் நான்காவது, கடைசியாக இரண்டாவது. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தடையே இல்லாமல் வழுக்கினாலும் தப்பு, இழுத்தால் வராவிட்டாலும் தப்பு. வெண்ணெய்க்குள் கத்தி போவது போல லேசான பிடி இருக்க வேண்டும். லாக் நட் இறுக்கியதும் ஸ்க்ரூ கொஞ்சம் சுற்றிக்கொள்ளும் என்பதால் மறுபடி ஒருதரம் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காதவர் பாதி வேலைதான் செய்திருக்கிறார். கூலி 1,000 முதல் 1,500.

ஹெட் கவரைத் திறந்த கையோடு அதன் கேஸ்கெட்டையும் பிளக் குழிகளைச் சுற்றியுள்ள ரப்பர் சீல்களையும் புதிதாகப் போட்டுவிட வேண்டும். ஆயிரம் ரூபாய் சொச்சம். பழைய கேஸ்கெட்டின் மேலேயே சிலிகான் பேஸ்ட் பிதுக்கி மூடுவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பேஸ்ட் துணுக்குகள் உள்ளே விழுந்து ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைக்கும். சீல் கெட்டுப்போன வண்டியில் ஆயில் பிளக் குழிக்குள் இறங்கி இக்னிஷன் காயிலின் ரப்பரை ஊறவைத்துவிடும். பிறகு மேடு ஏறும்போது மிஸ்ஸிங் அடிக்கும். காயில் ஒன்று 2,500 முதல் 4,000. மெக்கானிக் காயிலை மட்டும் மாற்றிவிட்டு சீலை விட்டுவிட்டால் ஆறு மாதத்தில் அடுத்த காயிலும் போகும். பார்க்கப் போகும்போதே ஒரு காயிலை உருவிப் பாருங்கள். ஒரே ஒரு போல்ட்தான், நுனியில் ஆயில் ஈரம் இருந்தால் தெரிந்துவிடும். இரிடியம் பிளக் லட்சம் கிலோமீட்டர் தாங்கும், நான்குக்கும் சேர்த்து 3,000 முதல் 4,000.

ஏசி போட்டு டிராஃபிக்கில் நிற்கும்போது ஸ்டீயரிங்கும் சீட்டும் நடுங்கினால் பலர் த்ராட்டில் கிளீனிங் என்று தொடங்குவார்கள். பெரும்பாலும் இன்ஜின் மவுண்டிங்தான் காரணம். பெல்ட் பக்கத்து மவுண்டிங்கின் ரப்பருக்குள் திரவம் இருக்கும். ரப்பர் வெடித்து அது கசிந்துவிட்டால் நடுக்கம் நேராக பாடிக்கு வரும். ஒருவரைப் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு முதல் கியரில் மெல்ல கிளட்சை விடச் சொல்லி, பானெட் திறந்தபடி பக்கவாட்டில் நின்று இன்ஜினைப் பாருங்கள். லேசாக அசைவது சகஜம். எகிறிக் குதித்தால் மவுண்டிங் போய்விட்டது. அந்த ஒன்று 4,000 முதல் 6,500 வரை. மார்க்கெட்டில் 1,200க்குக் கிடைக்கும் டூப்ளிகேட்டில் வெறும் ரப்பர் மட்டும்தான், திரவம் இருக்காது. போட்ட அன்றைக்கே நடுங்கும்.

அடியிலிருந்து வரும் சத்தங்கள்

165 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ் என்பது நம் ஊர் வேகத்தடைகளுக்குக் கொஞ்சம் குறைச்சல்தான். நான்கு பேரை ஏற்றி, அளவில்லாமல் கட்டிய வேகத்தடைகளில் பத்து வருஷம் ஏறி இறங்கிய சிட்டியில் ஏதாவது ஒரு சத்தம் இருந்தே தீரும். எந்தச் சத்தம் என்று பிரித்தறியத் தெரிந்தால், இரண்டாயிரத்தில் முடிகிற வேலைக்கு இருபதாயிரம் கொடுக்க வேண்டியிருக்காது.

வேகத்தடையில் இரண்டு முன்சக்கரமும் ஒன்றாக ஏறும்போது சத்தம் இல்லை, ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது "லொட லொட" என்கிறது. அப்படியானால் இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் ஸ்டெபிலைஸர் கம்பியின் லிங்க் ராட் அல்லது புஷ் (ரப்பர் உறை). அந்தக் கம்பி இரு சக்கரமும் வேறுவேறு உயரத்தில் போகும்போதுதான் முறுக்கப்படும், சேர்ந்து ஏறினால் அதற்கு வேலையே இல்லை. ஜோடி 1,500 முதல் 2,500, அரை மணி நேரத்தில் முடியும்.

மெதுவாகப் போய் பிரேக் மிதிக்கும்போது ஒரே ஒரு "டொக்", ரிவர்ஸ் எடுத்து மிதித்தால் இன்னொரு "டொக்" என்றால் லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் இரும்புக் கை) பின் புஷ் கிழிந்திருக்கிறது. டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் சந்தேகம் உறுதி. புஷ் மட்டும் பிரஸ் செய்து போட்டால் பக்கத்துக்கு 800 முதல் 1,200, ஆர்மை முழுதாக மாற்றினால் 3,000 முதல் 4,500. பால் ஜாயிண்டும் ஆடினால் முழு ஆர்ம் போடுவதே மேல். இரண்டு தடவை கூலியும் இரண்டு தடவை அலைன்மெண்ட் காசும் மிச்சம்.

நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கைக் கடைசி வரை திருப்பும்போது ஸ்ப்ரிங் "டொய்ங்" என்று முறுக்கி விடுபட்டால் ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங் இறுகிவிட்டது. ஷாக் அப்சார்பரில் ஆயில் வழிந்திருந்தால் இரண்டையும் ஒரே சமயத்தில் செய்துவிட வேண்டும், ஏனென்றால் கூலி ஒன்றுதான். முன் ஜோடி 8,000 முதல் 11,000, மவுண்ட் தனி.

ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது "கட கட கட" என்றால் ஆக்ஸில் ஜாயிண்ட். சத்தம் வருவதற்கு மாதங்களுக்கு முன்பே அதன் ரப்பர் பூட் கிழிந்து, சக்கர டிஸ்க்கின் உள்பக்கம் கிரீஸ் தெளித்திருக்கும். அந்தக் கட்டத்தில் பிடித்தால் பூட்டும் கிரீஸும் கூலியோடு 1,500க்குள். மண் புகுந்து ஜாயிண்ட் தேய்ந்துவிட்டால் ஆக்ஸிலே போட வேண்டும்.

இனி ஸ்டீயரிங். சிட்டியின் பிரசித்தி பெற்ற நோய் இது. கரடுமுரடான ரோட்டில் 20 கி.மீ. வேகத்தில் போனால் கையிலேயே "டக் டக்" என்று தெரியும், சத்தம் காதுக்கு வருவதற்கு முன் உள்ளங்கைக்கு வரும். சஸ்பென்ஷன் சத்தத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். சோதிக்க வண்டி ஓட வேண்டியதில்லை. இன்ஜினை ஸ்டார்ட் செய்து, நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக ஓர் அங்குல அளவுக்கு வேகமாக ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் அடியில் குனிந்து சக்கரத்தைத் திருப்பும் டை ராட் கம்பி உள்ளே நுழைகிற பெல்லோஸ் (மடிப்பு ரப்பர் உறை) மேல் கையை வையுங்கள். அங்கே இடி தெரிந்தால் ஸ்டீயரிங் ரேக்கின் (திருப்பலைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல் தண்டு) உள் புஷ் அல்லது இன்னர் டை ராட். அங்கே ஒன்றும் இல்லாமல் டாஷ்போர்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தால் மோட்டர் இருக்கும் ஸ்டீயரிங் தண்டுப் பகுதி.

இன்னர் டை ராட் மட்டும் என்றால் பக்கத்துக்கு 1,500 முதல் 2,500. ரேக் புஷ் மாற்றி ரீகண்டிஷன் செய்வது 6,000 முதல் 9,000. புது ரேக் 22,000த்துக்குக் குறையாது. ரீகண்டிஷன் செய்தவர் ரேக்கின் அட்ஜஸ்டரைக் கூடுதலாக இறுக்கிவிட்டால் சத்தம் போய்விடும், ஆனால் வளைவிலிருந்து ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது. அதைவிடச் சத்தமே தேவலை. டெஸ்ட் டிரைவில் யூ டர்ன் அடித்துக் கையைத் தளர விட்டுப் பாருங்கள். சோம்பலாகத் திரும்பினால் யாரோ இறுக்கியிருக்கிறார்கள்.

வீல் பேரிங்கைப் பொறுத்தவரை ஒரு வரி போதும்: அறுபதைத் தாண்டினால் "ஊ" என்ற இரைச்சல் வந்து, வண்டியை லேசாக இடப்பக்கம் வளைக்கும்போது அது கூடினால் வலப்பக்க பேரிங் போயிருக்கிறது. எடை அந்தப் பக்கம் சாய்வதால் அப்படி. ரோடு மாறும்போது சத்தமும் மாறினால் அது டயர், பேரிங் அல்ல. ஒரு பக்கம் 3,000 முதல் 5,000.

கிளட்ச் ஓட்டுபவரின் காலைப் பொறுத்தது. சென்னை நெரிசலில் அறுபதாயிரம் கிலோமீட்டரில் முடிந்ததும் உண்டு, நெடுஞ்சாலையில் ஒன்றேகால் லட்சம் ஓடியதும் உண்டு. மூன்றாம் கியரில் 30 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் முடிந்துவிட்டது. செட்டும் கூலியும் 13,000 முதல் 18,000.

ஏசி: விற்பதற்கு முந்தின நாள் அடித்த கேஸ்

சித்திரை வெயிலில் வாங்குகிறவர் ஏசியைப் போட்டதும் ஜில்லென்று வந்தால் திருப்தியாகிவிடுவார். கசிகிற ஏசியிலும் கேஸ் அடித்து ஒரு வாரம், பத்து நாள் ஜில்லென்றுதான் இருக்கும். 1,500 ரூபாய் செலவில் பதினைந்தாயிரம் ரூபாய்க் கோளாறை மறைக்கலாம் என்பது விற்பவர்களுக்குத் தெரியும்.

சிட்டியில் வழக்கமாகக் கசிவது டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில். அலுமினியத் தகடுகளின் மேல் எப்போதும் ஈரம். கேபின் ஃபில்டரை மாற்றாமல் விட்டால் தூசி, இலைச் சருகு எல்லாம் அந்த ஈரத்தில் ஒட்டி, புளித்து, அமிலமாகி அலுமினியத்தை ஊசி முனை அளவுக்குத் துளைத்துவிடும். கிளவ் பாக்ஸைக் கழற்றினால் பின்னால் ஃபில்டர் இருக்கிறது, ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம். வண்டி பார்க்கும்போது அதை உருவிப் பாருங்கள். கறுத்து, ஈரச் சாக்கு வாடை அடித்தால் அடுத்த செலவு என்ன என்று அதுவே சொல்லிவிடும். புது ஃபில்டர் 400 முதல் 700 ரூபாய்தான். இதை வருஷம் ஒருமுறை மாற்றாததால் வருவதுதான் அந்தப் பதினைந்தாயிரம்.

பரிசோதனைக்கு உச்சிவெயிலே சரியான நேரம். வண்டியை வெயிலில் நிறுத்தி, ஐடிலில் ஏசியைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, நடு வென்ட்டில் நூற்றைம்பது ரூபாய் தெர்மாமீட்டரைச் செருகுங்கள். பத்து டிகிரியை ஒட்டி நின்றால் நல்லது. ஓடும்போது ஜில்லென்றும் நிற்கும்போது வெதுவெதுப்பாகவும் இருந்தால் ரேடியேட்டர் ஃபேன் அல்லது கண்டென்சர் அடைப்பு. கம்ப்ரெஸர் கிளட்ச் ஐந்தாறு விநாடிக்கு ஒருமுறை "டிக்" என்று சேர்ந்து பிரிந்துகொண்டே இருந்தால் கேஸ் குறைவு.

காயில் மாற்றும்போது வேலை எப்படி நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் நைட்ரஜன் ஏற்றிக் கசிவை உறுதி செய்ய வேண்டும். காயிலோடு எக்ஸ்பான்ஷன் வால்வும் ஓ-ரிங்குகளும் புதிதாகப் போட வேண்டும். பிறகு வேக்யூம் பம்பை அரை மணி நேரம் ஓடவிட்டு, நிறுத்தி, முள் பதினைந்து நிமிடமாவது அசையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே ஈரம் மிஞ்சினால் அது கம்ப்ரெஸர் ஆயிலோடு சேர்ந்து கம்ப்ரெஸரைத் தின்னும். பானெட்டின் அடியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் எத்தனை கிராம் கேஸ் என்று அச்சிட்டிருக்கும். "கை வைத்துப் பார்த்து" அடிக்கிற இடத்தை விட்டு, எடை போட்டு அடிக்கிற இடத்துக்குப் போங்கள். காயில், வால்வ், கேஸ், டாஷ்போர்டு கூலி எல்லாம் சேர்த்து 12,000 முதல் 17,000. டாஷ்போர்டைத் திறந்து மூடியவர் கை சுத்தமில்லாதவர் என்றால் பிறகு ஆயுள் முழுக்க பிளாஸ்டிக் கிறீச் சத்தம் இலவசம். கல் பட்டு ஓட்டையான கண்டென்சர் 6,000 முதல் 9,000, புது கம்ப்ரெஸர் 22,000 முதல் 32,000.

சிவிடியும் டீசலும்

சிவிடி வண்டிக்கு ஒரே கேள்வி: ஃப்ளூயிட் எப்போது மாற்றியது, பில் எங்கே? ஹோண்டாவின் எச்சிஎஃப்-2 மட்டுமே ஊற்ற வேண்டும். சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயில் ஊற்றினால் உள்ளே ஸ்டீல் பெல்ட் புல்லியில் வழுக்கும். வடித்து ஊற்ற சுமார் மூன்றரை லிட்டர், 4,000 முதல் 6,000 ரூபாய். நம் வெயிலுக்கும் நெரிசலுக்கும் நாற்பதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை செய்வது உத்தமம். இருபதிலிருந்து நாற்பதுக்கு மெல்ல வேகமெடுக்கும்போது வண்டி குலுங்கிக் குலுங்கிப் போனால் ஃப்ளூயிட் கெட்டிருக்கலாம், பெல்ட்டும் தேய்ந்திருக்கலாம். மாற்றிப் பார்த்துத்தான் தெரியும். அந்தச் சூதாட்டம் உங்கள் காசில் நடக்கக் கூடாது. புது கியர்பாக்ஸ் என்று வந்தால் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும், அதாவது வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்கு. ஆட்டோமேட்டிக் கட்டாயம், பட்ஜெட் குறைவு என்றால் மூன்றாம் தலைமுறையின் பழைய பாணி ஐந்து கியர் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்கைத் தேடுவது புத்திசாலித்தனம். மைலேஜ் குறையும், மனசு நிம்மதியாக இருக்கும்.

டீசல் 100 பிஎஸ், ஆறு கியர். மைலேஜ் பிரமாதம், சத்தமும் அப்படியே. மாதம் இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடுகிறவருக்குப் பொருந்தும். பிள்ளையைப் பள்ளியில் விட்டு, காய்கறி வாங்கி வருகிற ஓட்டத்துக்கு புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வ் கரி பிடித்து இழுவை போய்விடும். இன்னொன்று, டெல்லி வட்டாரத்தில் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டீசல் ஓட்டத் தடை உத்தரவுகள் வந்ததால் டிஎல், எச்ஆர், யூபி பதிவு வண்டிகள் தெற்கே மலிவாக வருகின்றன. விலை மலிவுதான். என்ஓசி (பழைய ஆர்டிஓ தரும் தடையின்மைச் சான்று), தமிழ்நாட்டில் புதுப் பதிவு, இங்கே கட்ட வேண்டிய வாழ்நாள் வரி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் அந்த மலிவு கரைந்துவிடும்.

தண்ணீரில் நின்ற வண்டி

2015 டிசம்பரில் சென்னையும், 2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயலில் மறுபடி சென்னையும், அதே மாதம் 17, 18 தேதிகளில் திருநெல்வேலி, தூத்துக்குடியும் மூழ்கின. அப்போது நின்ற வண்டிகள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. துடைத்து, துவைத்து, வாசனை தெளித்துச் சந்தைக்கு வந்தவையும் உண்டு. ஏசி காற்றில் மிதமிஞ்சிய பெர்ஃப்யூம் வாடை வந்தால் உஷாராகுங்கள்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். கார்பெட்டையும் சீட் கவரையும் புதிதாகப் போடுகிறவர்கள் பெல்ட்டின் கடைசி ஓர் அடியைக் கழுவுவதில்லை, சேற்றுக் கோடு அங்கே அப்படியே இருக்கும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அந்தக் குழியின் மடிப்புகளில் விரலை ஓட்டுங்கள், உலர்ந்த வண்டல் நைஸாக ஒட்டும். முன்சீட்டுத் தண்டவாளம், டாஷ்போர்டுக்கு அடியில் உள்ள இரும்புப் பட்டைகள் ஆகியவற்றில் துரு இருக்கக் கூடாது, ஏனென்றால் அங்கே மழை படவே வழியில்லை. தண்ணீரில் இருக்கும்போது ஸ்டார்ட் செய்திருந்தால் சிலிண்டருக்குள் நீர் புகுந்து கனெக்டிங் ராட் மயிரிழை வளைந்திருக்கும். தண்ணீர் அமுங்காது, இரும்புதான் வளைய வேண்டும். அப்படி வளைந்த வண்டி ஓடும், ஓராண்டுகூட ஓடும். மேலே சொன்ன கம்ப்ரெஷன் டெஸ்டில் அந்தச் சிலிண்டர் மட்டும் குறைத்துக் காட்டும். வண்டி இன்சூரன்ஸில் க்ளெய்ம் ஆன விவரம் பாலிசி நம்பரை வைத்துக் கேட்டால் கிடைக்கும். விற்பவர் தயங்கினால் அடுத்த வண்டியைப் பாருங்கள்.

சில்லறை, இலவசம்

கண்ணாடி மடக்கும் மோட்டர், கதவு லாக் மோட்டர், டிரைவர் பக்க பவர் விண்டோ ஸ்விட்ச், தொடுதிரை ஆகிய நான்கும் பத்து வருஷத்தில் ஒவ்வொன்றாகப் போகும். ஒவ்வொன்றும் இரண்டாயிரம், மூவாயிரம். தொடுதிரை மட்டும் அதிகம், கம்பெனி திரைக்குப் பதிலாக வெளித்திரை போட்டுக்கொள்வதே நடைமுறை. சைடு மிரர், கதவுக் கண்ணாடி, ஹெட்லைட், அலாய் வீல் போன்றவற்றுக்குப் சென்னையின் பழைய ஸ்பேர் சந்தையான புதுப்பேட்டைக்குப் போகலாம், பாதி விலையில் நல்ல பொருள் கிடைக்கும். ஏர்பேக், ஸ்டீயரிங் ரேக், பிரேக் சம்பந்தப்பட்டது எதையும் அங்கே வாங்காதீர்கள்.

இலவசமாக நடக்கக்கூடியதும் ஒன்று உண்டு. டகாட்டா கம்பெனியின் ஏர்பேக் இன்ஃப்ளேட்டருக்காக (ஏர்பேக்கை ஊதும் பாகம்) ஹோண்டா பழைய சிட்டிகளைத் திரும்ப அழைத்தது. ஃப்யூயல் பம்ப் கோளாறுக்காக 2020, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் அழைப்பு விட்டது. 2017 செப்டம்பர் முதல் 2018 ஜூன் வரை தயாரான வண்டிகள் கடைசி அழைப்பில் அதிகம். பம்பின் உள்சக்கரம் கெட்டால் ஓடும்போதே இன்ஜின் நின்றுவிடும், அல்லது ஸ்டார்ட் ஆகாது. ஹோண்டா இந்தியாவின் இணையதளத்தில் சேஸ் நம்பரைப் போட்டால் உங்கள் வண்டி பட்டியலில் இருக்கிறதா என்று தெரியும். நீங்கள் எத்தனையாவது ஓனர் என்பது கணக்கில்லை, இலவசமாக மாற்றித் தருவார்கள். வெளி மெக்கானிக்கிடம் பம்புக்குப் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

இப்போது கூட்டலாம். 2015 மாடல், பெட்ரோல் மேனுவல், 85,000 கிலோமீட்டர், நாலரை லட்சம் சொல்கிறார்கள் என்று வையுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். கோடு தேயாவிட்டாலும் ரப்பர் கல்லாகியிருக்கும். 175/65 ஆர்15 நான்கும் 22,000. பேட்டரி 5,000. இன்ஜின் ஆயில், கியர் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், ஃபில்டர்கள், பிளக், டேப்பட் எல்லாம் சேர்த்து 14,000. லிங்க் ராட், லோயர் ஆர்ம் புஷ், ஒரு இன்ஜின் மவுண்டிங், அலைன்மெண்ட் 12,000. முன் பிரேக் பேட், பின் ஷூ 5,500. இதுவரை 58,500. ஏசி காயிலோ ரேக்கோ, ஏதாவது ஒன்று முதல் வருஷத்தில் கேட்கும் என்று வைத்தால் இன்னும் 15,000. ஆக, எழுபத்துமூன்றாயிரத்து ஐந்நூறு. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, எதை எதை நேரில் பார்த்தீர்களோ அதை மட்டும் டிக் அடித்து விற்பவர் முன் வையுங்கள். "கொஞ்சம் குறைச்சுக்கங்க" என்று கேட்டால் ஐயாயிரம் குறையும். தாளை வைத்துப் பேசினால் நாற்பதாயிரம் வரை இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

பழைய ஓனரின் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் கேட்காததற்கு பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) வண்டியோடு வராது, அது ஆளோடு போவது. பாலிசியைப் பெயர் மாற்றும்போது அந்த வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டும், அதையும் பதினான்கு நாளுக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஆர்சி பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து, லோன் இருந்திருந்தால் ஃபார்ம் 35, வேறு மாநிலம் என்றால் ஃபார்ம் 28. மீதிப் பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் இரண்டாவது சாவியைக் கேளுங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டிக்கு இன்னொரு ஸ்மார்ட் கீ புதிதாகப் போட்டு புரோகிராம் செய்ய பத்தாயிரத்தைத் தாண்டும். "வீட்ல எங்கயோ இருக்கு, தேடித் தரேன்" என்றால், தேடிக் கிடைக்கும் வரை அந்தப் பத்தாயிரம் உங்களிடமே இருக்கட்டும்.